டவர் ஃபுல்லாத்தான் இருக்கு

ஆகஸ்ட் 4, 2003, திங்கள்

வருஷம் பாதிக்கு மேல் ஓடிய பிறகு கம்பெனியிலிருந்து டைரி அனுப்பியிருக்கிறார்கள். டீலர்கள் தினமும் மார்க்கெட் நிலவரத்தை எழுதி வைக்க வேண்டுமாம். மதுரை மேனேஜர் சிவநேசன் சாரின் யோசனை. அவருக்கு வேறு வேலை இல்லை. வெள்ளைத் தாளை வீணாக்க எனக்கு மனம் வராது. சரி, எழுதித் தொலைப்போம்.

நிலவரம் இதுதான். நடுத்துறை மீன்பிடித் துறைமுகத்தில் மெரிடியன் செல்போனுக்கு டீலர் நான், மெட்டில்டா. இந்தக் கரையில் முதன்முதலில் செல்போன் விற்றவள் நான்தான். விசைப்படகுகளில் பாதிக்கு மேல் எங்கள் பச்சை நிறம்; பெயிண்ட் கம்பெனி செலவு. ஒவ்வொரு படகிலும் மாதா பெயருக்குக் கீழே மெரிடியன் நம்பர் எழுதியிருக்கும். மீன் வியாபாரிகள் அதைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். கம்பெனி மாறினால் நம்பர் போய்விடும், அதனால் யாரும் லேசில் மாற மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே போஸ்டர் இருக்கிறது. என் வீட்டுக்காரர் கஸ்பார் 'சகாய அன்னை' படகுக்கு டிரைவர். அவர் படகின் முன்முனையில், அணியத்தில் நின்று, போனைக் காதில் வைத்துச் சிரிக்கிற படத்தை 'கடலிலும் மெரிடியன்' என்று ஐஸ் பேக்டரி சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள். அந்த மனுஷனைச் சிரிக்க வைக்கப் போட்டோக்காரர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டில் அவர் பேசுவதே நாலு வார்த்தை.

இன்றைக்கு என் கடைக்கு நேர் எதிரே ஒரு கடை திறந்திருக்கிறது. ஸ்வரா கம்பெனி. எங்களுடையது ஜி.எஸ்.எம்., அவர்களுடையது சி.டி.எம்.ஏ.வாம். அதில் சிம் கார்டே கிடையாது, நம்பர் போனுக்குள்ளேயே புதைந்து கிடக்கும். போன் கெட்டால் நம்பரோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டும். இதை எந்தப் புத்தி உள்ளவர் வாங்குவார்? கடைக்காரன் கிளாட்வின், போன மாதம் வரை வீடியோ கடை வைத்திருந்தவன். வாசலில் ஸ்பீக்கர் கட்டி என் கல்லா அதிரப் பாட்டுப் போடுகிறான்.

ஆகஸ்ட் 9, சனி

தொம்மை அண்ணன் வந்து சண்டை போட்டார். இந்தக் கரையிலேயே மூத்த படகு டிரைவர் அவர்தான்.

"பிள்ள, ஒம் போனு கடலுக்குள்ள ஏமாத்துது. டவர் ஃபுல்லாத்தான் இருக்கு. அமுக்குனா போவ மாட்டேங்கு."

"எம்புட்டு தூரத்துலண்ணே?"

"இருவது மைலு, இருவத்தஞ்சு மைலு. எறா இப்ப அங்கனதான் கெடக்கு."

"டவர் ஃபுல்லா இருந்தா எப்படிண்ணே போவாம இருக்கும்? ஈரக் கையோட அமுக்கியிருப்பீய."

"ஆமா, நாங்க கடலுக்குப் பவுடர் போட்டுட்டுப் போவணும்!" என்று கத்திவிட்டு, போகிற போக்கில் என் ஸ்டூலையும் தட்டிவிட்டுப் போனார்.

யோசித்துப் பார்த்தேன். உயரம் போதவில்லை, வேறென்ன? போனை பிளாஸ்டிக் பையில் போட்டு, கொடிக்கம்பத்தின் உச்சிக்குக் கயிற்றில் ஏற்றிவிட வேண்டியது. காதில் மாட்டுகிற வயரை நீளமாக ஒட்டிக் கீழே கொண்டுவந்தால் டிரைவர் நின்ற இடத்திலிருந்தே பேசலாம். எனக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது?

ஆகஸ்ட் 14, வியாழன்

வேலை செய்கிறது! பத்துப் பன்னிரண்டு மைலில் கரகரவென்று கேட்டதெல்லாம் இப்போது மணி மாதிரி கேட்கிறதாம். படகுக்குப் படகு கம்பத்தில் போன் தொங்குகிறது. நீள வயர் கேட்டு ஒரே கூட்டம். சிவநேசன் சார், "மேடம், நீங்க எஞ்சினியராப் போயிருக்கணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் மட்டும் பாராட்டவில்லை. "உங்களுக்கு நல்லாக் கேக்குதா?" என்று நானாகக் கேட்டேன். "கேக்குது" என்றார். எவ்வளவு தூரத்தில் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

எதிர்க்கடைக்காரனுக்குக் கொழுப்பு. தினமும் உச்சி நேரத்தில் ரோட்டைத் தாண்டி வந்து நிற்கிறான்.

"எக்கா, சாப்ட்டாச்சா?"

"ஆச்சு தம்பி."

"என்ன கொழம்பு?"

"ஏன், கடையில சோறும் போடப் போறியோ?"

பல்லைக் காட்டிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி திரும்பிப் போய்விடுகிறான். என் கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ண வருகிறான், எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 30, சனி

எதிர்க்கடையில் கூட்டம். பாட்டுக் கேட்க வந்ததுகள்தான்.

செப்டம்பர் 3, புதன்

மதுரையில் மீட்டிங். வட்டப் படம் ஒன்றைச் சுவரில் காட்டினார்கள். பச்சை எங்கள் பங்கு, சிவப்பு ஸ்வராவின் பங்கு. எல்லா ஊரிலும் சிவப்பு பெருத்துக்கொண்டே வருகிறது. அவர்கள் போனைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள், தவணையில் தருகிறார்கள்.

"இது ரெண்டு கடைக்கு நடுவுல நடக்கிற போட்டி இல்ல, ரெண்டு டெக்னாலஜிக்கு நடுவுல நடக்கிற யுத்தம்" என்றார் சிவநேசன் சார். ஏ.சி. அறையில் இருந்துகொண்டு யுத்தம் என்று சொல்வது சுலபம். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நடுத்துறையில பாதிக்குக் கீழ இறங்கினா ஏஜென்சிய வேற ஆளுக்குத் தர வேண்டியிருக்கும் மேடம். என் கையில இல்ல" என்றார்.

பஸ்ஸில் வழியெல்லாம் இதே நினைப்பு. கடை போனால் நான் யார்? பழையபடி கஸ்பார் வீட்டுக்காரி. அது கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு என் கடை வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

தொம்மை அண்ணனின் தொல்லை தாங்காமல் கம்பெனிக்குப் புகார் எழுதியிருந்தேன். சென்னையிலிருந்து சுபத்ரா என்ற எஞ்சினியர் பெண் வந்தாள். நல்ல பிள்ளை. தானே படகில் ஏறிக் கடலுக்குப் போய், வாந்தி எடுத்துக்கொண்டே டெஸ்ட் பண்ணிவிட்டு வந்தாள். சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன்.

"மேடம், போன்லயும் தப்பில்ல, டவர்லயும் தப்பில்ல. ஜி.எஸ்.எம்.மோட அமைப்பே அப்படி. முப்பத்தஞ்சு கிலோமீட்டரத் தாண்டினா பேச முடியாது."

கடல் கணக்கில் பத்தொன்பது மைல்.

"டவர் ஃபுல்லாக் காட்டுதேம்மா?"

"டவர் பேசறது போனுக்குக் கேக்கும், அதனால ஃபுல்லாக் காட்டும். போன் பேசறதும் டவர் வரைக்கும் வரும். ஆனா ஒவ்வொரு போனுக்கும் துளியூண்டு நேரம் ஒதுக்கியிருக்கோம். அவ்வளவு தூரத்துலேருந்து வர்றது அந்த நேரம் முடிஞ்சப்புறம் வந்து சேரும். லேட்டா வந்த குரல டவர் எடுத்துக்காது."

"கம்பத்துல ஏத்தினா?"

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "எவ்வளவு ஒசரம் ஏத்தினாலும் தூரம் தூரந்தானே மேடம்."

"அப்போ ஸ்வரா?"

"அதுல நேர ஒதுக்கீடே கிடையாது. எல்லாரும் ஒரே சமயத்துல பேசுவாங்க, ஆளுக்கு ஒரு குறியீடு. டவர் பிரிச்சு எடுத்துக்கும். அதனால இந்தத் தடை அவங்களுக்கு இல்ல."

புரிந்துவிட்டது. எங்களுடையது ரேஷன் கடை டோக்கன். ஸ்வரா எங்கள் மீன் ஏலம். நூறு பேர் ஒன்றாகக் கத்தினாலும் ஏலக்காரருக்கு அவரவர் குரல் தனியாகக் கேட்கும். இந்தக் கரைக்காரி நான், டோக்கனைக் கொண்டுவந்து கடலில் விற்றிருக்கிறேன்.

தூரத்தைக் கூட்ட வழி இருக்கிறதாம். ஆனால் அப்படிச் செய்தால் டவரில் பாதிப் பேர்தான் பேச முடியும், கம்பெனி ஒத்துக்கொள்ளாதாம்.

செப்டம்பர் 13, சனி

சிவநேசன் சாருக்குப் போன் செய்தேன். "தீபாவளி வரைக்கும் இதப் பத்தி யார்கிட்டயும் பேசாதீங்க மேடம். அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

நானும் பொய் எதுவும் சொல்லவில்லையே. யாரும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, புதன்

இரண்டு படகுக்காரர்கள் நீள வயர் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இவர் வலை மூட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ரொம்பத் தூரம் போவாதீங்க. பதினெட்டு மைலுக்குள்ளயே வலை இழுங்களேன்."

"ஏன்?"

"வாடைக் காத்து காலம் வருதுல்ல."

ஊசியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "எறா எங்க கெடக்கோ அங்கதான பிள்ள போவணும்" என்றார். மறுபடி ஊசி ஓடியது. சொல்ல வாய் திறந்தேன். போஸ்டரில் சிரிக்கிற மனுஷனிடம் போய் அந்தச் சிரிப்பே பொய் என்று எப்படிச் சொல்ல? தீபாவளி கழியட்டும்.

அவர் படகுப் பையில் சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில் இறுக்கிக் கட்டிய புது பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது. பீடியை நனையாமல் வைக்கிறார் போலும். விட்டுவிட்டதாகச் சத்தியம் பண்ணிய ஆள்! கேட்டால் சண்டை வரும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

எதிர்க்கடைக்காரன் வழக்கம் போல வந்தான். கணக்கு முடிக்கிற எரிச்சலில், "சாப்பிடல, போதுமா? போய் ஓம் பாட்டக் கேளு" என்று விரட்டினேன்.

சாயங்காலம் இவர் கரைக்கு வந்ததும் நேராகக் கடைக்கு வந்து ஒரு பொட்டலத்தை வைத்தார். பேக்கரி பன், சூடாக.

"என்ன இது?"

"பசிக்கும்லா."

காலையிலிருந்து பட்டினி கிடந்தது இவருக்கு எப்படித் தெரிந்தது? என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போல. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் முகம் பார்க்கப் பழகியிருக்கிறார்.

அக்டோபர் 10, வெள்ளி

ஒரு விஷயம் உறுத்துகிறது. தொம்மை அண்ணன் இப்போது சண்டைக்கு வருவதே இல்லை. யாருமே புகார் சொல்வதில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நேற்று மதியத்துக்கு மேல் திடீரென்று வாடை சாய்ந்து அடிக்க ஆரம்பித்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். கோயில் மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். கடையைப் பூட்டக்கூட இல்லை, கரைக்கு ஓடினேன். ஒவ்வொரு பச்சைப் படகாக வந்து சேர்ந்தது. 'சகாய அன்னை' வரவில்லை.

அவர் நம்பரை அழுத்தினேன். வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று அந்தப் பெண் தேன் ஒழுகச் சொன்னாள். மறுபடி அழுத்தினேன், மறுபடி சொன்னாள். போனை மணலில் விட்டெறிந்தேன்.

தொம்மை அண்ணன் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணே, இருவது மைலுக்கு மேல இந்தப் போன் பேசாதுண்ணே. எனக்குத் தெரியும். கம்பெனிக்காரி வந்து சொல்லிட்டா. தெரிஞ்சேதான் ஒங்களுக்கு வயர் வித்தேன். அவுககிட்டயும் சொல்லல. நான் மனுஷியே இல்ல!"

தொம்மை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, மடியிலிருந்து பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஸ்வரா போன். சிவப்பு.

"எங்களுக்கும் தெரியும் பிள்ள. கம்பத்துல ஒம் போனு தொங்கும், மடியில இது இருக்கும். ஊரே அப்படித்தான்."

"ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீ நம்ம பிள்ள. எங்கள நம்பித்தான கடை போட்ட. ஒம் மூஞ்சி வாடிப் போயிரும்லா."

நான் அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். "அவுககிட்ட இருக்கா? சொல்லுங்கண்ணே, அவுககிட்ட இது இருக்கா?"

அவர் ஐஸ் பேக்டரி சுவரைப் பார்த்தார். "அவன் எப்படிம்மா வாங்குவான்? போஸ்டர்ல நிக்கவன்."

சேசுவே! அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். கரை முழுக்கப் பேசுகிற போன் இருக்கிறது. எனக்காக என் புருஷன் ஒருவர்தான் பேசாத போனோடு போயிருக்கிறார். அந்த நேரம் எனக்குக் கடையும் வேண்டாம், ஏஜென்சியும் வேண்டாம், அந்த நாலு வார்த்தை மனுஷன் கரைக்கு வந்தால் போதும் என்று இருந்தது.

கிளாட்வின் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்ப்பதும் கையிலிருந்த போனைப் பார்ப்பதுமாகத் தவித்தான். பிறகு வந்து என் முன்னால் முட்டி போட்டான்.

"எக்கா, கஸ்பார் அண்ணன்ட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். போவட்டும், பாவம் எனக்கே வரட்டும். இந்தாங்க, லைன்லதான் இருக்காவ."

போனை வாங்கிக் காதில் வைத்தேன். எஞ்சின் சத்தம், காற்று, அதற்கு நடுவே இவர் குரல். வீட்டில் கேட்டே இராத வேகத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

"லேய் கிளாட்வின், லைன்ல இருக்கியா? எஞ்சின் காத்தாடியில சுத்துன வலைய அறுத்தாச்சு, இன்னும் ஒரு மணி நேரத்துல வந்திருவோம். அவ கரையில நிக்காளால? பயந்திருப்பா. நாங்க வாரோம்னு எப்படியாச்சும் அவ காதுல போடு, நாஞ் சொன்னேன்னு சொல்லிராத. மதியம் நீ கேட்டப்ப சாப்பிட்டேன்னாளே, நெசமாச் சாப்பிட்டாளா? மூஞ்சியப் பாத்தியா? ஒரு டீயாவது வாங்கிக் குடுல."

உச்சி நேரத்துக்கு உச்சி நேரம் ரோட்டைத் தாண்டி வந்து கேட்டது யார் என்று அப்போதுதான் விளங்கியது.

"சாப்பிடல" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் போனை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை.

அக்டோபர் 18, சனி

இன்றைக்குத்தான் பேசிக்கொண்டோம். எஞ்சினியர் சொன்னதை எல்லாம் சொல்லி அழுதேன்.

"பதினெட்டு மைலுக்குள்ள இழுங்கன்னு சொன்னில்லா, அன்னைக்கே எனக்கு வெளங்கிட்டு" என்றார்.

"பொறவு ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன்."

"நீங்க மட்டும் சொன்னீயளாக்கும்! எதிர்க்கடையில போன் வாங்கிப் பையில ஒளிச்சு வச்சிட்டு!"

சிரித்தார். போட்டோக்காரர் எவ்வளவு பாடுபட்டும் வராத சிரிப்பு.

ஒன்றை எழுதியே ஆக வேண்டும். போஸ்டரில் இருக்கிற ஆளே ஸ்வரா போனைத்தான் கடலுக்குக் கொண்டு போகிறார் என்று கிளாட்வின் ஒரு வார்த்தை வெளியே விட்டிருந்தால் என் கடை அன்றே காலி. அவனுக்கும் டார்கெட் உண்டு, அவனுக்கும் ஒரு மேனேஜர் இருப்பார். பையன் வாயைத் திறக்கவில்லை. நான் இந்த டைரியில் அவனைத் திட்டிய பக்கங்களை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், பாட்டுச் சத்தத்துக்கு அந்தத் திட்டு தகும்.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்ததும் கோயில் முற்றத்தில் நின்று சத்தமாகவே சொன்னேன். "பத்தொம்பது மைலத் தாண்டினா மெரிடியன் பேசாது. கடலுக்குக் கிளாட்வின் போன எடுத்துட்டுப் போங்க. ஒளிச்சு வைக்க வேண்டாம். கரையில பேச எங்கிட்ட வாங்க."

"வயர எங்க திருப்பிக் குடுக்க?" என்று தொம்மை அண்ணன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கடைக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

சிவநேசன் சாருக்கு விஷயம் போய்விட்டது. "யுத்தத்துல நீங்களே கோட்டைக் கதவத் திறந்து விட்டுட்டீங்களே மேடம்" என்றார்.

"கோட்டைக்குள்ள ஒக்காந்து பேசுறது நீங்க சார். கடல்ல போறது எம் புருஷன்."

வட்டப் படத்தில் நடுத்துறை பாதிக்குக் கீழே போய்விட்டது. ஏஜென்சி அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆளுக்காம். ஐஸ் பேக்டரி போஸ்டரைக் கிழிக்க ஆள் வருகிறதாம். வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். முதல் நாள் கடையைத் திறந்தபோது ஷட்டரில் நானே பூசிய பச்சை அது. சமையல் செய்யும்போது ஒரு பாட்டம் அழுதேன்.

அக்டோபர் 22, புதன்

வாடை அடங்கிவிட்டது, படகுகள் போயிருக்கின்றன. உச்சி நேரம் ஆனது. எதிர்க்கடையில் கிளாட்வின் எழுந்தான், என்னைப் பார்த்தான், பிறகு தயங்கி மறுபடி உட்கார்ந்துவிட்டான். இனி அவன் வர வேண்டிய அவசியம் இல்லையே.

சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன். சாளை மீன் புளிக்குழம்பு. நன்றாக உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு, என் மெரிடியன் போனிலிருந்து அந்த ஸ்வரா நம்பரை அழுத்தினேன். இருபத்தைந்து மைலுக்கு அந்தப் பக்கம் முதல் மணியிலேயே எடுத்தார்.

அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் சொன்னேன்.

"சாப்ட்டாச்சு. நீங்க?"